நில அதிர்வலைகளும் நம் இல்லங்களும்

(தமிழ்ச் சமூகத்தினருக்கான தகவல் கூட்டத்தில் மாநகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரை)



ஜேர்மனியில் நிலநடுக்கமா என்று நம்மவர் பலர் வியப்பதுண்டு. 1756 பெப்ரவரி 18 அன்று, நமக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டியூரன் பகுதியில் நிகழ்ந்த நடுக்கம், இந்நாட்டில் பதிவானவற்றுள் மிக வலியவற்றில் ஒன்றாகும். 1992 ஏப்ரல் 13, திங்கட்கிழமை அதிகாலை 3.20 மணிக்கு, நெதர்லாந்தின் ரூர்மொண்ட் நகருக்கு அருகே நிலம் மீண்டும் அதிர்ந்தது. ரிக்டர் அளவு 6க்குச் சற்றுக் குறைவு. கொலோன் பேராலயத்தின் உயரத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள கற்பூ ஒன்று கீழே விழுந்தது. நம் பான் நகரில் மூதாட்டி ஒருவர் மாரடைப்பால் உயிரிழந்தார்.

ரூர்மொண்ட் இங்கிருந்து ஏறத்தாழ 95 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தூரத்தை அதிர்வு எவ்வாறு கடந்தது? நிலத்தடிப் பாறை பிளவின் வழியே வழுக்கும்போது, அதில் தேங்கியிருந்த ஆற்றல் அலைகளாகப் பரவுகிறது. முதன்மை அலை பாறையை முன்னும் பின்னும் அமுக்கியபடி வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வேகத்தில் விரைகிறது. இரண்டாம் அலை பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி வினாடிக்கு ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர் வேகத்தில் பின்தொடர்கிறது. இவற்றுக்குப் பின் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிய அலைகள் வருகின்றன. முதலாவது பெரும்பாலும் ஒரு சிறு குலுக்கலே. கட்டடங்களைச் சிதைப்பவை பின்வருவனவே. ரூர்மொண்டிலிருந்து வரும் இவ்விரு அலைகளுக்கும் இடையே நமக்குக் கிடைப்பது பத்து வினாடிக்குச் சற்று மேல். டியூரனிலிருந்து வந்தால் ஐந்து வினாடி மட்டுமே.

சேதத்தின் அளவைத் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கடும்பாறையில் விரைந்து செல்லும் அலை, மணலும் களிமண்ணும் நிறைந்த மென்னிலத்தில் வேகம் குறைகிறது. அதன் வீச்சோ பெருகுகிறது. 1985 செப்டெம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம், நடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தும் பேரழிவுக்கு உள்ளானது. அதன் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மேல் எழுந்தது. ஊஞ்சலை அதன் அசைவுக்கு இசைய உந்தினால் ஆட்டம் பெருகுவதுபோல், அந்நிலத்தின் அசைவோடு இசைந்த நடுத்தர உயரக் கட்டடங்களே மிகுதியாக வீழ்ந்தன. நம் ரைன் கரையும் ஆறு கொணர்ந்த மணலாலும் சரளையாலும் ஆனது என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே, முதற் குலுக்கலை உணர்ந்ததும் செய்ய வேண்டியது யாது? வெளியே ஓடுவது நம் இயல்பு. 1992இல் காயமுற்றோர் பலரைத் தாக்கியவை சரிந்த கூரையோடுகளும் புகைபோக்கிகளுமே. கிடைக்கும் சில வினாடிகள் மாடிப்படியில் இறங்கப் போதா. உறுதியான மேசையின் அடியில் புகப் போதும். சாளரத்தை விட்டு விலகுங்கள், தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அதிர்வு அடங்கிய பின்னரே வெளியேறுங்கள், மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள். எரிவாயு மணம் வீசினால் மின்விசைகளைத் தொடாது வெளியேறி, 112 எண்ணை அழையுங்கள். நம் நகரில் தலைமையகம் கொண்ட மக்கட் பாதுகாப்பு, பேரிடர் உதவிக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் 'நீனா' செயலியை இன்றே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் மேலும் இரண்டு சொல்வேன். வழக்கமான வீட்டுடைமைக் காப்புறுதி நிலநடுக்கச் சேதத்தை உள்ளடக்குவதில்லை. அதற்கு 'எலெமென்டார்ஷாடன்' எனப்படும் இயற்கை இடர்க் காப்புறுதியைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் அச்சொல் உள்ளதா என்று பாருங்கள். வாடகைக்கு வாழ்வோர் தம் தளபாடங்களுக்குத் தாமே காப்புறுதி செய்தல் வேண்டும். கட்டடம் உரிமையாளரின் பொறுப்பு. சுவரில் வெடிப்புக் கண்டால், அதனைத் தாமதமின்றி உரிமையாளருக்கு அறிவிப்பது குடியியல் சட்டக்கோவையின் 536சி பிரிவின்படி வாடகைதாரரின் கடமை. எழுத்தில், ஒளிப்படத்துடன் அறிவியுங்கள். அறிவிக்கத் தவறியதால் சேதம் பெருகினால், இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மீதே விழக்கூடும்.

நிலநடுக்கம் நிகழும் நாளையும் நேரத்தையும் எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது. எந்த மேசையின் அடியில் ஒதுங்குவது என்பதை மட்டும் இன்றிரவே பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்யலாம்.