பொன்னும் தோலும்

பொன் என்றதும் நகையும் நாணயமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஊசி வழியே உடலுக்குள் சென்ற பொன்னைப் பற்றி இன்று நான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1890-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், தங்கமும் சயனைடும் சேர்ந்த உப்பு ஒன்று, சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியை வளரவொட்டாமல் தடுப்பதைக் கண்டார். முடக்குவாதமும் காசநோய்க்கு உறவான நோயே என்று எண்ணிய பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபோரெஸ்டியே, தங்க உப்புக்களை முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பயன் உண்டு என்று 1929-இல் எழுதினார். அவர் எண்ணம் பிழை, மருந்தோ பலித்தது! பிரிட்டனில் முறைப்படி நடைபெற்று, 1960-ஆம் ஆண்டையொட்டி வெளியான ஒப்பீட்டுச் சோதனையும் அதனை உறுதி செய்தது.

ஆனால் பொன் தந்த நலத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைப் பெரும்பாலும் தோலே செலுத்தியது. வாரந்தோறும் 50 மில்லிகிராம் மருந்து ஏற்றுவது வழக்கம். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் சிலருக்கு நமைச்சல் தோன்றும். அதனைத் தொடர்ந்து சிவந்த தடிப்பும் வாய்ப்புண்ணும் வரும். நமைச்சல் தோன்றியவுடன் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் அது தணிந்துவிடும். பொருட்படுத்தாமல் தொடர்ந்தால், உடலெங்கும் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே ஒவ்வோர் ஊசிக்கும் முன்னர் மருத்துவர், "அரிப்பு உண்டா?" என்று கேட்பார், சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிப்பார்.

இங்கேதான் நோயாளிக்கு ஒரு தர்மசங்கடம். நெடுநாளைக்குப் பின் தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டத் தொடங்கியவருக்கு, "ஆம், அரிக்கிறது" என்று சொல்ல மனம் வருமா? சொன்னால் மருந்து நிற்கும். விரல்கள் மீண்டும் முடங்குமோ என்ற அச்சம் எழும். எனினும் சொல்வதே நன்று. தடிப்பு இலேசானதாயின், அது அடங்கியபின் குறைந்த அளவில் மருந்தை மீண்டும் தொடங்குவதும் உண்டு.

மற்றொரு விந்தையையும் கேளுங்கள். பல ஆண்டுகள் பொன் ஏற்றிக்கொண்டவர்கள் சிலரின் முகமும் கைகளும், வெயில் படும் இடங்களில், நீலம் கலந்த சாம்பல் நிறம் அடைந்தன. தோலினுள் படிந்த பொன் துகள்களே அதற்குக் காரணம். அந்நிறம் எளிதில் நீங்குவதில்லை. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், சிலவகை லேசர் ஒளி பட்ட இடம் சட்டென்று நீலமாவதுண்டு. பழைய ஊசியை உடல் மறப்பதில்லை!

மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகள் பரவியபின் பொன் ஊசி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அது கற்பித்த பாடம் மட்டும் பழையதாகவில்லை. எந்தக் கருவியும் அறியுமுன் நமைச்சலை அறிபவர் நோயாளியே. அவர் தயங்காமல் சொல்லவேண்டும். மருத்துவர் பொறுமையுடன் கேட்கவேண்டும். நாளை மருத்துவராகப் போகும் மாணவர்களே, இதனை நினைவில் வையுங்கள்.