கல்லைக் காணும் கண்



பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தோரை, "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், "எல்லாம் கண்டோம்" என்பர். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம், காண இயலாது. பார்த்தல் வேறு, காணுதல் வேறு. இதனை விளக்கத் தேனி மாவட்டத்துக் கல் ஒன்றே போதும்.

ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் உண்டு. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். வேலேந்திய வீரனின் உருவம் அவற்றில் இல்லை. விரைந்து செல்வோர் கண்ணுக்கு அவை வெறும் பலகைக் கற்களே. நின்று நோக்கியவர்க்கே கீறல்கள் தமிழி எழுத்துக்களாயின, எழுத்துக்கள் சொற்களாயின. ஒரு கல்லில் 'அந்தவன்' என்ற பெயர் தெரிந்தது. 'கூடல் ஊர்' தெரிந்தது. 'ஆகோள்' என்ற சொல்லும் தெரிந்தது. ஆகோளாவது பகைவரின் ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் அதே சொல். அவ்வூர் கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூர் ஆகலாம் என்று கருதுவோர் உளர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆநிரைப் போரில் மாண்ட ஒருவனின் பெயர், பொறுமையுடைய கண்களால் நமக்கு மீண்டும் கிடைத்தது.

அவ்வாறு காண்பது எப்படி? வருசநாட்டு மலையில் பிறந்த வைகை, மதுரையைக் கடந்து கீழடிப் பக்கமாகச் செல்கிறது. அங்கே 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில், பெயர் கீறிய பானை ஓடுகள் உள்ளன. அடுத்த முறை செல்லும்போது ஓர் ஓட்டின் முன் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். விளக்கப் பலகையை முதலில் படிக்க வேண்டா. முழு வடிவத்தை நோக்குங்கள். பிறகு விளிம்பை, பிறகு கீறலை. ஒளி நேரே விழுந்தால் கீறல் மறையும். சாய்ந்து விழுந்தால் அதனுள் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். ஆகவே சற்றே இடம் மாறி நின்றும் பாருங்கள். பின்னர்க் குறிப்பேட்டில் அதனை வரையுங்கள். கை வரையும்போது கண் விரைய இயலாது. அதன்பின் பலகையைப் படித்து, மீண்டும் ஒருமுறை ஓட்டைக் காணுங்கள்; முன்பு காணாத ஒன்று நிச்சயம் புலப்படும்.

இப்பழக்கம் அருங்காட்சியகத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் எத்தனையோ நடுகற்கள் துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் தேய்ந்து போயின. யாரும் நின்று காணாததே அதற்குக் காரணம். உங்கள் ஊர்ப்புறத்திலும் அத்தகைய கல் ஒன்று கிடக்கலாம். அதனைக் கண்டால் சுண்ணாம்பு பூசாமல், சுரண்டாமல், ஆசிரியரிடம் சொல்லுங்கள். காணப் பழகிய கண்ணே காக்கவும் வல்லது.