பழைய முகவரியை அழித்த இரவு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுடா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார் நம் சங்கச் செயலாளர். சாதனைகளைப் பேச இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

2011-ஆம் வருஷம். வெளியூரில் ஒரு மருத்துவமனை. அதன் பரிசோதனைக்கூடத்து ரிசல்ட்டுகளை வார்டுகளுக்கு அனுப்பும் லினக்ஸ் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அதன் ஐ.பி. முகவரியின் கடைசி எண் 10. அதை 25 ஆக மாற்ற வேண்டும். நான் ஜாக்கிரதைப் பேர்வழி. 10 இருக்கும்போதே அதே கார்டில் 25-ஐயும் சேர்த்தேன். துவக்கக் கோப்பில் 25-ஐ மட்டும் எழுதினேன். வார்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 25-க்கு மாறின. ராத்திரி பதினோரு மணிக்கு, என் ஊரிலிருந்தே 25 வழியாக உள்ளே நுழைந்து, யாருக்கும் வேண்டாத 10-ஐ அழித்தேன்.

திரை அப்படியே உறைந்துவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் போன். பரிசோதனைக்கூடத்துப் பெண். "சார், ஐ.சி.யூ.வுக்கு ரிசல்ட் போகமாட்டேங்குது. பொட்டாசியம் ரிப்போர்ட் கேட்டுக் கத்துறாங்க." நான் என்ன சொல்வது? "பேப்பர்ல எழுதிக் கொடுத்தனுப்பும்மா" என்றேன். அவர் எழுதி எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஓடினார்.

10-ஐ அழித்தால் 25 ஏன் சாக வேண்டும்? விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

ஒரு கார்டுக்கு முகவரி கொடுத்தால் கெர்னல் அதைக் குறித்து வைப்பதோடு விடுவதில்லை. "இந்த எண் நான்தான்" என்று ஒரு ரூட் போடுகிறது. "இந்த சப்நெட்டில் இருப்பவர்களை இந்தக் கார்டு வழியாக நேரே பார்க்கலாம்" என்று இன்னொன்று. வெளியூருக்குப் போகும் கேட்வே ரூட் அதன்மேல்தான் நிற்கிறது. முகவரி என்பது அஸ்திவாரம், ரூட்டுகள் அதன்மேல் எழுப்பிய மாடிகள்.

ஒரே சப்நெட்டில் இரண்டாவதாகச் சேர்க்கும் முகவரியை லினக்ஸ் 'செகண்டரி' என்று குறிக்கிறது. முதல் முகவரியை அழித்தால் செகண்டரிகளும் கூடவே போய்விடும். கார்டில் கடைசி முகவரியும் போனதும், அந்தக் கார்டு வழியாகப் போகும் ரூட்டுகளை மொத்தமாகத் துடைத்துவிடும். நான் உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டியிருக்கிறேன்!

அன்றைக்கு எனக்கு மகா கோபம். இப்போது யோசித்தால், ரூட்டுகளைத் துடைத்தது சரிதான். ரூட்டே இல்லாவிட்டால் "போக வழியில்லை" என்று புரோகிராமுக்கு உடனே பதில் வந்துவிடும். செத்த ரூட்டை வைத்திருந்தாலோ பாக்கெட் போய்க்கொண்டே இருக்கும், பதிலே வராது. எது மோசம், நீங்களே சொல்லுங்கள். செகண்டரியையும் கூடவே கொன்றதை மட்டும் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கெர்னலுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு இணைப்பும், ஒருமுறை தேடிய ரூட்டின் நகலை மடியில் கட்டிக்கொண்டிருக்கும். ரூட் மாறினால், ஆயிரக்கணக்கான நகல்களை யார் தேடிப்போய்ப் பிடுங்குவது?

நம் மெஸ் டோக்கன் ஞாபகம் இருக்கிறதா? மாதத்துக்கு ஒரு கலர். வார்டன் ரூம் ரூமாகப் போய்ப் பழைய டோக்கனைப் பறித்தாரா? இல்லையே. வாசலில் கலரைப் பார்த்தார், "இது போன மாசத்துது, போய் மாத்திட்டு வா" என்றார். கெர்னலும் அப்படித்தான். ரூட்டுகள் மாறும்போது ஒரு தலைமுறை எண்ணைக் கூட்டிவிடுகிறது. அடுத்த முறை இணைப்பு தன் நகலை நீட்டும்போது எண் பொருந்தாது, புதிதாகத் தேடும்.

முன்பு லினக்ஸில் ரூட்டுகளுக்கென்றே ஒரு பெரிய கேஷ் இருந்தது. கண்ட கண்ட முகவரிகளிலிருந்து பாக்கெட் அனுப்பி எதிரிகள் அதை நிரப்பித் திணறடிக்க முடிந்தது. 2012-இல் 3.6 பதிப்பில் டேவிட் மில்லர் அதையே தூக்கிவிட்டார்.

பக்கத்து மெஷின்களின் ஹார்டுவேர் முகவரிப் பட்டியல் வேறு மாதிரி. சுமார் 30 விநாடி உறுதி கிடைக்காவிட்டால் 'ஸ்டேல்' என்று குறித்து வைக்கும், உடனே எறிந்துவிடாது. நம்பி ஒரு பாக்கெட் அனுப்பும், 5 விநாடி பார்க்கும், அப்புறம்தான் "இருக்கியாப்பா?" என்று கேட்கும். சந்தேகப்படுவதிலும் ஒரு மரியாதை!

அந்த இரவுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணையே சர்வரை அணைத்துப் போடச் சொன்னேன். துவக்கக் கோப்பில் 25 மட்டும் இருந்ததால் அதுவே முதல் முகவரியாக எழுந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குள் நாலு ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு ஓடியிருக்கிறார்.

கெர்னலில் 'புரோமோட் செகண்டரீஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை 1 ஆக்கினால், முதல்வர் போனதும் அடுத்தவர் பதவிக்கு வந்துவிடுவார். (நம் முதல்வர் ஐயா மன்னிக்கவும், முகவரியைச் சொல்கிறேன்.) கெர்னல் தானாக வைக்கும் மதிப்பு 0. சிஸ்டம்டி-யோடு துவங்கும் லினக்ஸ்களில் அதை 1 ஆக்கிவிடுகிறார்கள். என் சர்வரில் 0 இருந்தது. நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கேள்வி இருக்கும் மாணவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள்.