செல்லாத முத்திரை: 1553 ஜூலையின் படை ஆணைகள்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கடிதம். 1553 ஜூலை 18 அன்று லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து புறப்பட்டது. குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த சர் ஜான் பிரிட்ஜஸ், சர் நிக்கோலஸ் பாயின்ட்ஸ் என்ற இரு நிலப்பிரபுக்களுக்கு எழுதப்பட்டது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு பக்கிங்காம்ஷயருக்குப் போய், அங்கே கிளம்பியிருக்கும் கலகத்தை அடக்குங்கள் என்பது சேதி. ஆங்கில அரசர்கள் இத்தகைய கடிதங்களின் தலையில்தான் கையொப்பமிடுவார்கள். இதிலும் ‘அரசி ஜேன்’ என்ற ஒப்பம் மேலேதான் இருக்கிறது. மறுநாள் அவர் அரசி இல்லை.

கதையை நீங்கள் அறிவீர்கள், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றிக்குப் பின் எஞ்சிய ஒரே மகன் ஆறாம் எட்வர்ட், பதினைந்து வயதில், ஜூலை 6 அன்று கிரீனிச்சில் இறந்தான். 1544ஆம் ஆண்டுச் சட்டப்படியும் ஹென்றியின் உயில்படியும் அடுத்த உரிமை மூத்த அக்காள் மேரிக்கு. மேரி கத்தோலிக்கர், எட்வர்டோ தீவிரப் புராட்டஸ்டன்ட். அக்காள்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, உறவுக்காரப் பெண்ணான ஜேன் கிரேக்கு மகுடத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் கையாலேயே எழுதினான். ஜேனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. அரசாங்கத்தைக் கையில் வைத்திருந்த நார்தம்பர்லாந்து பிரபுவின் மகனை அந்த மே மாதம்தான் மணந்திருந்தார். பின்னால் படைக்குத் தலைவரானவரும் இந்த மாமனார்தான்.

அந்த ஏற்பாட்டைச் சட்ட வடிவில் எழுதச் சொன்னபோது தலைமை நீதிபதி எட்வர்ட் மான்டேகு நடுங்கினார். நாடாளுமன்றச் சட்டத்தை அரசனின் தாள் ஒன்று மாற்ற முடியாது, இதில் கைவைப்பதே ராஜதுரோகம் என்றார். மிரட்டலுக்குப் பிறகு பணிந்தார். ஆனால் இப்படி எழுத எனக்கு அரசின் பெருமுத்திரையிட்ட ஆணை வேண்டும், எழுதியதற்கு மன்னிப்புப் பத்திரமும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். செய்வதற்கு முன்பே மன்னிப்பைக் கேட்கும் நீதிபதி! ஜூன் 21 தேதியிட்ட அந்தப் பத்திரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கையெழுத்தில் தஞ்சம் தேடினார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஜூலை 10 அன்று ஜேன் அரசியாக அறிவிக்கப்பட்டார். மேரியோ நார்ஃபோக்கில் தன் உரிமையைப் பறைசாற்றி, பிரபுக்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் கடிதம் அனுப்பி, ஃபிராம்லிங்காம் கோட்டையில் ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். ஒரே வாரத்தில் இரண்டு பெண்களின் பெயரால் இரண்டு விதக் கட்டளைகள் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டும் அரசி என்றே பேசின. இரண்டும் எதிராளியைக் கலகக்காரி என்றன. ஓர் ஊர்ப் பெரியவர் எதை நம்புவது?

மேரியைப் பிடிக்கப் போகும் படைக்கு முதலில் தலைவராகக் குறிக்கப்பட்டவர் ஜேனின் தந்தை சஃபோக் பிரபு. அப்பா என்னோடு இருக்கட்டும் என்று மகள் கண்ணீர் விட்டுக் கேட்டதால் பொறுப்பு நார்தம்பர்லாந்தின் தலையில் விழுந்தது. பலரும் இதை ஒரு சிறுமியின் பயம் என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அந்த ஆட்சியின் திருப்புமுனை. அரசின் ஆலோசனைக் குழுவைக் கட்டிக்காத்த ஒரே மனிதரை லண்டனுக்கு வெளியே அனுப்பிய முடிவு அது.

அவர் விவரம் தெரியாதவர் அல்லர். பெருமுத்திரையிட்ட படைத்தலைமை ஆணை வேண்டும் என்றார். எந்தெந்த இடத்துக்குப் படை நகர வேண்டும் என்பதும் குழுவின் ஆணைப்படியே அமைய வேண்டும் என்று அவர் கேட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாளை கேள்வி வந்தால் பொறுப்பு எல்லோருக்கும் என்பதற்கான முன்னேற்பாடு. ஜூலை 14 அன்று ஷோர்டிச் வழியாகப் புறப்பட்டபோது, வேடிக்கை பார்க்க இத்தனை கூட்டம், வாழ்த்த ஒரு வாய் இல்லையே என்று பக்கத்தில் வந்தவரிடம் சொன்னாராம்.

கிழக்குக் கரையில் மேரியைத் தடுக்க நின்ற அரசுக் கப்பல்களின் மாலுமிகள் கட்சி மாறினார்கள். பக்கிங்காம்ஷயரில் சர் எட்வர்ட் ஹேஸ்டிங்ஸ் மேரிக்காக ஆள் திரட்டினார். அதை அடக்கத்தான் 18ஆம் தேதிக் கடிதம். 19 அன்று அதே ஆலோசனைக் குழு லண்டனில் மேரியை அரசி என்று அறிவித்தது. செய்தி எட்டியதும், மறுநாள் கேம்பிரிட்ஜ் சந்தை வெளியில் நார்தம்பர்லாந்தும் தொப்பியை வீசி மேரிக்கு வாழ்த்துக் கூறினார். பயனில்லை. கைது செய்யப்பட்டார்.

இந்த உரையின் மையம் ஆகஸ்ட் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த விசாரணை. நார்தம்பர்லாந்து இரண்டு கேள்விகள் கேட்டார். அரசரின் ஆலோசனைக் குழு கட்டளையிட, இங்கிலாந்தின் பெருமுத்திரையோடு நான் செய்த காரியம் எப்படி ராஜதுரோகம் ஆகும்? அதே காரியத்தில் என்னோடு சமமாகப் பங்கு கொண்டவர்கள் எனக்கு நீதிபதிகளாக உட்காரலாமா? முதல் கேள்வி வெறும் சாமர்த்தியம் அல்ல. ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல், அப்போதைக்கு அரியணையில் இருப்பவருக்காகப் போர் செய்தவனைப் பின்னால் துரோகி என்று தண்டிக்கக் கூடாது என்று சட்டமே போடப்பட்டிருந்தது. வாரிசுச் சண்டைகளில் சலித்த நாடு தன் போர்வீரனுக்குக் கொடுத்த காப்பு அது.

வந்த பதில் சுருக்கமானது. நீர் காட்டும் முத்திரை உரிமையுள்ள அரசியுடையது அல்ல, அபகரித்தவருடையது. ஆகவே அது ஆணையே அல்ல. இரண்டாம் கேள்விக்கு, அவர்கள்மேல் குற்றம் பதிவாகாதவரை நீதிபதிகளாக இருக்கலாம் என்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று நார்தம்பர்லாந்தின் தலை போயிற்று. ஜேனின் கையெழுத்துகள் நவம்பரில் நடந்த விசாரணையில் ஜேனுக்கு எதிரான சான்றாகவே வந்தன. 1554 பிப்ரவரி 12 அன்று அவரும் கொல்லப்பட்டார்.

முத்திரை மாறவில்லை, அதே அரக்கு, அதே எழுத்தர்கள். தோற்ற பிறகுதான் அது செல்லாததாயிற்று. ஜேனின் குழுவில் கையெழுத்திட்ட வின்செஸ்டர் பிரபு மேரியிடமும் பொருளாளராகவே நீடித்தார். ஆணையைக் கையில் வாங்கிக் குதிரை ஏறியவருக்கு மரணம். ஆணையை எழுதி அனுப்பிவிட்டு ஊரில் இருந்தவருக்குப் பதவி. இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் விடை தேடிப் பயனில்லை. புதிய அரசிக்கு ஆட்சி நடத்தப் பழைய ஆட்கள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடிதம் பெற்ற பிரிட்ஜஸ்? அவரை மேரி லண்டன் கோபுரத்தின் காவல் அதிகாரியாக நியமித்தார். ஜேன் அவருடைய பொறுப்பில்தான் சிறையிருந்தார். தன் பிரார்த்தனைப் புத்தகத்தில் அவருக்காகச் சில வரிகள் எழுதித் தந்தார். ஜேனைக் கொலைமேடைக்கு அழைத்துச் சென்றவரும் பிரிட்ஜஸ்தான். அந்த ஏப்ரலில் பிரிட்ஜஸுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. ஜேனின் ஆட்சியாண்டு போட்டுச் சாதாரண மக்கள் எழுதிக்கொண்ட பத்திரங்கள் என்னாவது என்ற கேள்வி மேரியின் முதல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அவை செல்லும் என்று சட்டம் இயற்றினார்கள். கடன் கொடுத்தவனும் நிலம் வாங்கியவனும் தப்பித்துக்கொண்டார்கள்.