சுட மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?



சொந்த மக்களைச் சுடச் சொன்னால் படைத்தலைவர்கள் பணிவார்களா? எந்த நாட்டில் நெருக்கடி வந்தாலும் இந்தக் கேள்வி எழுகிறது. மனச்சாட்சியுள்ள ஒருவராவது மறுப்பார் என்று நம்பி ஆறுதல் கொள்கிறோம். மறுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையை முழுவதும் கேட்டால் அந்த ஆறுதல் நிலைக்காது.

1962 ஜூன் முதல் நாள். சோவியத் ஒன்றியத்தின் தென்பகுதியில் உள்ள நோவோசெர்காஸ்க் நகரில் ரயில் என்ஜின் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்றுதான் இறைச்சி விலை சுமார் 30 விழுக்காடும் வெண்ணெய் விலை சுமார் 25 விழுக்காடும் உயர்ந்திருந்தன. ஆலையிலோ கூலி விகிதத்தை ஏற்கெனவே குறைத்திருந்தார்கள். முறையிட வந்தவர்களிடம் ஆலை இயக்குநர், இறைச்சி வாங்க முடியாவிட்டால் ஈரல் வைத்த ரொட்டி தின்னுங்கள் என்றார். வயிற்றெரிச்சலில் இருப்பவர்களிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் நகரத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் துஸ்லோவ் ஆற்றுப் பாலம். அங்கே டாங்கிகளுடன் நின்றவர் லெப்டினன்ட் ஜெனரல் மத்வேய் ஷபோஷ்னிகோவ். உலகப் போரில் ‘சோவியத் ஒன்றிய வீரர்’ என்னும் உயரிய விருது பெற்றவர். அந்தப் பகுதி ராணுவ வட்டாரத்தின் முதல் துணைத் தளபதி. வீரர்களின் துப்பாக்கிகளிலிருந்து தோட்டாக்களை அகற்றும்படி அவர் முன்பே உத்தரவிட்டிருந்தார். டாங்கிகளை ஏவி ஊர்வலத்தைத் தடுக்கும்படி மேல்தளபதி ப்லியெவ் வானொலியில் கட்டளையிட்டபோது, டாங்கிகள் தாக்க வேண்டிய எதிரி யாரையும் தம் முன்னே காணவில்லை என்று பதில் சொன்னார். தொழிலாளர்கள் டாங்கிகளின் மேலேறிக் கடந்து போனார்கள். பாலத்தில் ஒருவரும் சாகவில்லை.

பாராட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் ஊர்வலம் நகரச் சதுக்கத்தை அடைந்தபோது அங்கே வேறு படை காத்திருந்தது, உள்துறையின் துருப்புகள். அவர்கள் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். உடல்களைக் குடும்பத்தாரிடம் கொடுக்காமல் வெவ்வேறு இடங்களில் ரகசியமாகப் புதைத்தார்கள். பிறகு வழக்கு நடத்தித் தொழிலாளர் எழுவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். ஷபோஷ்னிகோவ் நடந்ததைப் பற்றிப் புனைபெயரில் எழுத்தாளர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1967இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அரசுக்கு எதிரான பிரசாரம் செய்ததாக வழக்கும் பாய்ந்தது. அவர் மேலிருந்த பழி நீங்க 1988 ஆயிற்று.

ஒருவர் மறுத்தால் கட்டளை அடுத்தவரைத் தேடிப் போகிறது. 1989 மே மாதம் பெய்ஜிங்கிலும் இதுவே நடந்தது. 38ஆம் படைத்தொகுதியின் தளபதி சூ சின்சியன், தலைநகருக்குள் படை நடத்தச் சொன்ன வாய்மொழிக் கட்டளையை ஏற்கவில்லை. ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. வேறொருவர் தலைமையில் அதே 38ஆம் படை நகருக்குள் போயிற்று. ஜூன் 3 இரவு தியானன்மென் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை உலகறியும்.

நம் நாட்டு வரலாற்றுக்கும் இதில் பங்குண்டு. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில், ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டத்தைச் சுடும்படி ராயல் கார்வால் ரைஃபிள்ஸ் படையினருக்கு ஆணை வந்தது. ஹவில்தார் சந்திரசிங்கும் அவர் தோழர்களும் சுட மறுத்தார்கள். அங்கும் வேறு துருப்புகள் சுட்டன, பலர் மாண்டார்கள். சந்திரசிங்குக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை அளித்தது. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தப்படி சத்தியாக்கிரகிகள் விடுதலையானபோது, கட்டளையை மீறிய சிப்பாய்களுக்கும் போலீசாருக்கும் அது பொருந்தாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிற்பாடு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் இதைப் பற்றிக் கேட்டபோது காந்தியடிகள் அந்த நிலையையே நியாயப்படுத்தினார்: நாளை சுயராஜ்யம் வந்தால் இதே படையை வைத்துத்தானே நாமும் ஆள வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் மீது எனக்குள்ள பக்தி குறையாமலே சொல்கிறேன்: அது எனக்கு ஏற்புடையதல்ல. அகிம்சைக்காகத் துப்பாக்கியைத் தாழ்த்தியவரை அகிம்சை இயக்கமே சிறையில் விட்டுவிட்டது. சந்திரசிங் வெளியே வந்தது 1941இல்.

கட்டளையை மீறும் படையைப் பற்றிய அந்த அச்சம் இன்றும் நம் சட்டத்தில் வாழ்கிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ‘சட்டப்படியான’ கட்டளையை மீறுவதையே குற்றம் என்கிறது, நல்ல சொல்தான். கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைத்தால், இயன்றவரை குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அப்படிக் கலைக்கையில் சுட்ட ராணுவ அதிகாரி மீது மத்திய அரசின் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. சுட மறுத்தவரோ, கட்டளை சட்டப்படியானது அல்ல என்று ராணுவ நீதிமன்றத்தில் வாதாடித்தான் தப்ப வேண்டும்; தோற்றால் 14 ஆண்டுவரை சிறை. அதனால்தான் தளபதிகளின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருப்பது நேர்மையல்ல என்கிறேன். பொதுமக்கள் மீது படையை ஏவும் கட்டளை எழுத்தில் வர வேண்டும். கட்டளையிட்டவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டவரைத் தண்டிக்கக் கூடாது. மேலதிகாரியின் ஆணைப்படியும் சட்டத்தின் கட்டளைக்கு இசையவும் கூட்டத்தைச் சுட்ட சிப்பாய் குற்றவாளியல்ல என்னும் எடுத்துக்காட்டு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2023இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சட்டத்துக்குப் புறம்பான ஆணையை ஏற்காமல் சுட மறுத்த சிப்பாயும் குற்றவாளியல்ல என்னும் இரண்டாவது எடுத்துக்காட்டை அதன் கீழே நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.