குற்றக் கூண்டும் வழக்கறிஞர் சங்கமும்

(வெள்ளி விழாவையொட்டி நாடுகாணியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தோட்டத்து லைன் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று தொடங்கப்பட்ட இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருப்பது நம் அனைவருக்கும் பெருமை தருவதாகும். சட்டக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். பொருள் மிகப் பெரிது. ஆகவே அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது என்பது என்ன? அப்பணியில் வழக்கறிஞர் சங்கங்களுக்கு உள்ள கடமை என்ன? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவையே நான் பேச விழைவன.

நாடுகாணி ஒரு முச்சந்தி. கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கே பிரிந்து, ஒரு கிளை தேவாலா, பந்தலூர்ப் பக்கமும், மற்றொரு கிளை சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர்ப் பக்கமும் செல்கின்றன. சுரத்தில் சிறிது தொலைவு இறங்கினால் மாநிலம் மாறிவிடுகிறது. காவல் நிலையம் மாறிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படும் மொழியே மாறிவிடுகிறது. வேலை தேடி அங்குமிங்கும் போய் வரும் நம் இளைஞன் ஒருவன் எங்கேனும் பிடிபட்டால், அவன் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த ஸ்டேஷன்?” என்பதாகும். இரண்டாவது கேள்வி, “வக்கீலுக்கு எங்கே போவது?” என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காமல் எத்தனை குடும்பங்கள் நகையையும் மாட்டையும் விற்றிருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவது வழக்கம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை எண்ணும் இடுவார்கள். வழக்கு மெய்ப்பிக்கப்படும் வரையில் அவர் குற்றமற்றவர் என்று சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தை எழுதும் தாளோ முதல் வரியிலேயே அவரை எதிரி என்கிறது. அந்த எதிரியின் பக்கத்தில், அவருக்காக மட்டுமே, ஒருவர் நிற்க வேண்டும் என்பதே எதிர்வாதத்தின் அடிப்படை.

அமெரிக்காவில் குற்ற வழக்குகளில் எதிர்வாதம் புரியும் வழக்கறிஞர்களுக்கென்றே 1958இல் ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. உறுப்பினர்களுக்குப் பயிற்சி தருவதும், பெரிய வழக்குகளில் நீதிமன்றத்திற்குக் கருத்துரை அளிப்பதும் அதன் பணிகள். நம் நாட்டிலோ அத்தகைய பொறுப்புப் பெரும்பாலும் அந்தந்த நீதிமன்றத்தின் வழக்கறிஞர் சங்கத்தின் தலையிலேயே விழுகிறது. அச்சங்கங்கள் நன்மை பல செய்துள்ளன. உதகை நீதிமன்ற வளாகத்தில் பெண்களுக்குரிய கழிவறை வசதிக்காக நீலகிரிப் பெண் வழக்கறிஞர் சங்கத்தினர் 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றதை இம்மாவட்டத்தார் அறிவர். ஆனால் அதே சங்கம் என்னும் அமைப்பு ஓர் எதிரியின் முகத்தில் கதவைச் சாத்தவும் கூடும். அவ்வாறு நடந்தது தொலைவில் அன்று. மலைக்குக் கீழே கோயம்புத்தூரில்.

அங்கே வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. காவலர்கள் மீது குற்ற வழக்கு வந்தது. அவ்வழக்கில் அவர்களுக்காகக் கோவை வழக்கறிஞர் எவரும் வாதாடக் கூடாது என்று சங்கம் தீர்மானம் இயற்றியது. இது ஏ. எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் 2010 டிசம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். இத்தகைய தீர்மானம் அரசியலமைப்புக்கும் வழக்கறிஞர் தொழில் நெறிக்கும் முரணானது, சட்டப்படி செல்லாதது, அதைப் பொருட்படுத்தாமல் வாதாடுவதே வழக்கறிஞரின் கடமை என்றார்கள். காவலரோ, பயங்கரவாதி எனப்படுபவரோ, கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரோ, யாராயினும் எதிர்வாதம் பெற உரிமையுடையவர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் இளைஞர்களில் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். “நம்மை அடித்த காவலருக்கும் வக்கீலா? நம் குடிசையைக் கொளுத்தியவனுக்கும் வக்கீலா?” என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்த பின்னரும் எத்தனையோ வழக்குகளில் எதிரிகள் விடுதலையானதைக் கண்டவர்கள் நாம். எனினும் என் விடை, ஆம், அவனுக்கும் வக்கீல் வேண்டும் என்பதே. காரணம் கூறுகிறேன்.

சுக்தாஸ் என்பவருக்கு விசாரணையின்போது இலவச வழக்கறிஞர் அளிக்கப்படவில்லை. அந்த ஒரு குறைக்காகவே உச்ச நீதிமன்றம் 1986இல் அவருக்கு வழங்கப்பட்ட தண்டனையை நீக்கியது. ஆகவே எதிர்வாதம் இல்லாமல் பெற்ற தண்டனை மேல்முறையீட்டில் சரிந்துவிடக் கூடியது. நம் பெண்ணுக்குத் தீங்கு செய்தவன் முறையான எதிர்வாதத்திற்குப் பின்னரே தண்டிக்கப்பட வேண்டும். அப்போதுதான் அத்தண்டனை நிலைக்கும். இது ஒரு காரணம். மற்றொன்று இதனினும் பெரிது. ‘இன்னாருக்கு வாதாட மாட்டோம்’ என்று ஊரே கூடித் தீர்மானிக்கும் பழக்கம் வேரூன்றினால், முடிவில் அது யார் மேல் விழும்? செல்வாக்கு உடையவன் சென்னையிலிருந்து வக்கீலை வரவழைத்துக் கொள்வான். கூலிக்காரன் மகன் எங்கே போவான்?

கடல் கடந்த நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில், 1931 மார்ச் 25 அன்று, சரக்கு இரயிலில் சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர்கள் வெள்ளைப் பெண்கள் இருவரைக் கெடுத்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். ஸ்காட்ஸ்பரோ என்னும் சிற்றூரில் ஏப்ரல் 6ஆம் நாளே விசாரணை தொடங்கியது. சில நாட்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை! அவர்களுக்கு வக்கீல் யார் என்று கேட்டால், நீதிபதி அவ்வூர் வழக்கறிஞர்கள் அனைவரையுமே பொதுவாக நியமித்திருந்தார். அனைவரும் என்றால் பொறுப்பேற்றவர் எவருமில்லை என்றே பொருள். இதைத்தான் 1932இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டித் தண்டனைகளை நீக்கியது. பின்னர் குற்றம் சாட்டிய பெண்களில் ஒருத்தி தான் கூறியது பொய் என்று சாட்சியம் அளித்தாள். ஆயினும் அந்த இளைஞர்கள் பல ஆண்டுகள் சிறையில் வாடினார்கள். எஞ்சியோருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2013இல், அவர்கள் மாண்ட பின்னர். நம் கோவைத் தீர்ப்பிலும் இவ்வழக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அந்த ஒன்பது பேரின் பெயர்களை மாற்றிவிட்டால் அது நம் சேரிக் கதையாகவும் இருந்திருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்பின் சிற்பி என்றே நாம் போற்றுகிறோம். அவர் எதிரிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1926இல் பிராமணரல்லாதார் இயக்கத்தவர் மீது ஒரு நூலுக்காகத் தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில் அவர் தோன்றி வெற்றி கண்டார். 1934இல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதிய ஆர். டி. கார்வேக்காக வாதாடினார், அதில் தோற்றார். ஊர் வெறுத்த ஒருவருக்காக அவர் நின்றார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இனி நம் லைன் வீட்டுக்கு வருவோம். வழக்கில் வாதம் பின்னால் வருவது. முதலில் வருவது ஜாமீன். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், சொத்துச் சான்று வேண்டும் என்கிறார்கள். லைன் வீடு தோட்டத்தாருக்குச் சொந்தம். கூடலூர்ப் பகுதியின் ஜன்ம நிலங்களிலோ, 1969ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும் பட்டா என்பது பெருங்கதை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு உறவினர் வேறு வேறு மாவட்டங்களில் சிதறியிருக்கிறார்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஆள் சிறையிலேயே இருப்பது இதனால்தான்.

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்னும் கொத்தனாருக்கும் இதுவே நேர்ந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நீதித்துறை நடுவர், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று ஏற்க மறுத்தார். 1978இல் உச்ச நீதிமன்ற நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண அய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவரது சொந்தப் பிணையிலேயே விடுவிக்க ஆணையிட்டார். கிருஷ்ண அய்யர் யார்? இந்தச் சுரத்திற்குக் கீழே மலபாரில், தலைச்சேரியில், தொழிலாளருக்காக வாதாடியவர். 1948இல் தாமே ஒரு மாதம் சிறைப்பட்டவர். ஜாமீனின் அருமை அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது தண்டனை பெறாதவர்கள். இந்த நிலையில் வழக்கறிஞர் சங்கங்கள் நீதிமன்றப் புறக்கணிப்புச் செய்யும்போது நடப்பது என்ன? வாய்தா தள்ளிப் போகிறது. கூலியை விட்டுப் பேருந்தேறி உதகைக்குச் சென்ற தாய் வெறுங்கையுடன் திரும்புகிறாள். வழக்கறிஞர்களுக்கு வேலை நிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே கூறிவிட்டது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் வருந்தினாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: புறக்கணிப்பின் கூலியைக் கொடுப்பவன் சிறையில் இருப்பவனே.

இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சில செய்திகள் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோர்க்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. இதற்கு வருமானச் சான்று கேட்கக் கூடாது. இது பிச்சை அன்று. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அப்போதே வழக்கறிஞர் உரிமையை அவருக்கு எடுத்துரைப்பது நடுவரின் கடமை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் விதித்துள்ளது. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு எதிராகச் செல்லாது. 2022 முதல் மாவட்டங்களில் எதிர்வாதத்திற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டமும் வந்துள்ளது. தொலைபேசியில் 15100 என்னும் எண்ணை அழைத்தால் சட்ட உதவிக்கு வழி கூறுவார்கள். அந்த எண்ணை ஒவ்வொரு லைனிலும் தண்ணீர்க் குழாய்க்கு அருகில் எழுதி வைக்க வேண்டுகிறேன். எல்லாரும் வந்து போகும் இடம் அதுதானே!

இலவச வக்கீல் சரியாக வாதாடமாட்டார் என்ற குறை பரவலாக உண்டு. சில இடங்களில் அது உண்மையே. அதற்கு மருந்து, அப்பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயர்களும் ஏறுவதுதான். வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பல்லாயிரம் ரூபாய் கேட்கப்பட்டு வந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 125 ரூபாய்.

ஆகவே விழாக் குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் இரண்டு பட்டதாரிகளை, அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு அனுப்புங்கள். விடுதிச் செலவையும் புத்தகச் செலவையும் சங்கம் ஏற்கட்டும். அவர்கள் பதிவு செய்யும் நாளில் அந்த 125 ரூபாயை நான் தருகிறேன். அவர்கள் எடுக்கும் முதல் வக்காலத்து, கூடலூர் நீதிமன்றத்தில், ஜாமீன்தாரர் கிடைக்காத ஒருவருக்காக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.