உப்புத் தோலும் உறங்கும் கிருமியும்

நேயர்களே, ஹெச்.ஐ.வி. கதையை நம் காட்பாடி ஸ்டேஷனிலிருந்தே தொடங்கலாம். 1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லிச் சேகரித்த ரத்த மாதிரிகளோடு இரவு ரயிலில் வந்து இறங்குகிறார். ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார். காலையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் கரன்ட் போய்விட்டது. சரி, டீ குடிக்கலாம் என்று எழுந்து போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால், ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன! இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. ஹெச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் எங்கள் நம்பிக்கை மையத்துக்கு வரும் ஒவ்வொரு பயிற்சிப் பெண்ணுக்கும் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஹெச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுபவர். ரத்தத்தில் கிருமியே தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரம்தான். அடுத்த ரிப்போர்ட்டில் எண்ணிக்கை எகிறிவிட்டது. "எங்கே மேடம் ஒளிஞ்சிருந்துச்சு?" என்றார்.

நம் உடம்பின் காவல் செல்களான சி.டி.4 செல்லுக்குள் நுழையும் ஹெச்.ஐ.வி., தன் மரபுச் செய்தியை அந்தச் செல்லின் மரபு இழையிலேயே ஒட்டித் தைத்துவிடுகிறது. அப்படி மாட்டிய செல்கள் பெரும்பாலும் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் சில செல்களுக்கு அது சண்டை முடிந்து ஓய்வுக்குத் திரும்பும் நேரமாக இருக்கும். பழைய எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓய்வெடுக்கும் செல்கள் அவை. செல் தூங்கினால், அதன் எந்திரத்தை நம்பியிருக்கும் கிருமியும் தூங்கும். வெளியே ஒரு அடையாளமும் காட்டாது. மாத்திரையும் அதைத் தொடாது.

"உப்புத் தோல் மாதிரியா?" என்றார் அண்ணன். அசந்துபோனேன். உப்புப் போட்டு அடுக்கிய தோல் கெடாமல் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் கெட ஆரம்பிக்கும். (ஆம்பூர்க்காரர்களுக்கு நான் தோல் பாடம் எடுக்கிறேன், கோபிக்காதீர்கள்.) ஆனால் ஒரு திருத்தம் சொன்னேன்: உப்பு, மாத்திரை இல்லை அண்ணா, செல்லின் உறக்கம்தான் உப்பு. பழைய எதிரி வந்து செல் விழித்தால் கிருமியும் விழிக்கும். அப்போது அது வேறு செல்லுக்குள் பரவாமல் வாசலில் நிற்பதுதான் மாத்திரை.

ஓய்விலிருக்கும் பத்து லட்சம் செல்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் கிருமி இப்படி உறங்குகிறது. ஆனாலும் பிடிவாதம்! அமெரிக்காவில் ராபர்ட் சிலிசியானோ குழு கணக்கிட்டபடி, இந்தச் செல்கள் பாதியாகக் குறையவே 44 மாதம் ஆகும். தானாகத் தீர, ஒரு ஆயுள் போதாது. உறங்கும் கிருமியை எழுப்பிக் கொல்வதா, எழவே விடாமல் பூட்டுவதா என்று இரண்டு வழியிலும் முயல்கிறார்கள்; அதைச் சொல்ல இன்று நேரமில்லை, மணி காட்டுகிறார்கள்.

அண்ணன் மறுபடி மாத்திரைக்கு வந்துவிட்டார். எங்கோ கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணா, மாத்திரை வாங்க வர வேண்டிய பதினைந்தாம் தேதியை மறந்துவிடாதீர்கள்.